காட்மியம் சேர்க்காத கடல் முள்ளெலிக் கருக்களிலும் மெட்டலோதயோனின் மரபணு வெளிப்படுவது ஏன்?

கேள்வி:
ஸ்ட்ராங்கிலோசென்ட்ரோட்டஸ் பர்ப்யூரேட்டஸ் என்னும் கடல் முள்ளெலியின் கருக்களைக் காட்மியம் கலந்த கடல்நீரிலும் கலக்காத நீரிலும் வளர்த்து, உலோகங்களைப் பிணைக்கும் மெட்டலோதயோனின் என்ற புரதத்தின் எம்ஆர்என்ஏ (மரபணு செயல்படும்போது உருவாகும் ஆர்என்ஏ நகல்) அளவை ஒப்பிட்டு வருகிறேன். காட்மியம் பட்ட கருக்களில் அளவு கூடியது எதிர்பார்த்ததே. உலோகம் சேர்க்காதவற்றிலும் அது தெளிவாகத் தென்படுவதுதான் புரியவில்லை. நீரில் மாசு கலந்துவிட்டதா, அல்லது இது கருவளர்ச்சியின் இயல்பா?

மறுமொழி 1:
மாசு என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. இந்தப் புரதம் நச்சு உலோகங்களைப் பிடித்து வைப்பதோடு நிற்பதில்லை. கருவுக்கு அன்றாடம் தேவைப்படும் துத்தநாகத்தையும் தன்னிடமுள்ள சிஸ்டீன் என்னும் 20 அமினோ அமில அலகுகளால் பிணைத்து வைக்கிறது. நீங்கள் குறிப்பிடும் இனத்தில் எம்டிஏ, எம்டிபி என இருவகை மரபணுக்கள் உள்ளன. இயல்பான வளர்ச்சியில் மேலோங்கி நிற்பது எம்டிஏ. வாய்க்கு எதிர்ப்புறமுள்ள புறப்படைச் செல்களே (கருவின் வெளி அடுக்குச் செல்கள்) அதன் முதன்மையான இடம். உலோகம் மிகும்போது வாய்ப்புறப் புறப்படையிலும் குடலிலும் மெட்டலோதயோனின் எம்ஆர்என்ஏ சேர்கிறது. ஆகவே எவ்வளவு கூடியது என்பதைவிட எங்கே கூடியது என்பதே முக்கியமான கேள்வி என்று கருதுகிறேன். முழுக் கருவையும் அரைத்து ஆர்என்ஏ எடுத்தால் இந்த இட வேறுபாடு அடியோடு மறைந்துவிடும். கருவை முழுதாக வைத்தே சாயமேற்றிப் பாருங்கள்.

மறுமொழி 2:
இரண்டு மரபணுக்களின் புரதக் குறியீட்டுப் பகுதிகளும் ஒத்திருப்பதால், பிரைமர்களை (அளவிடும்போது நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) எம்ஆர்என்ஏவின் 3' என்னும் கடைசி முனையில், புரதமாக மொழிபெயர்க்கப்படாத பகுதியிலிருந்து தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்த தொகையைத்தான் அளப்பீர்கள். எம்டிஏவின் முன்னூக்கியில் (மரபணுவை இயக்கிவைக்கும் டிஎன்ஏ பகுதி) உலோகத்துக்கு இணங்கிச் செயல்படும் டிஎன்ஏ தொடர்கள் இருப்பதும், வெளிப்பாட்டை ஒரு திசுவுக்குள் அடக்குவதில் அதன் முதல் இன்ட்ரானுக்கு (மரபணுவுக்குள் புரதக் குறியீடு இல்லாத இடைப்பகுதி) பங்கு இருப்பதும் கவனிக்கத்தக்கவை. இடத்தை நிர்ணயிப்பதும் அளவை நிர்ணயிப்பதும் ஒரே தொடரின் வேலை அல்ல என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இயல்பான வெளிப்பாட்டுக்குத் துத்தநாகமே காரணம் என்பதை எப்படிச் சோதிப்பது?

மறுமொழி 1:
உலோக அயனிகளைப் பிணைக்கும் இடிடிஏ போன்ற சேர்மத்தைக் கடல்நீரில் சேர்த்து, எம்ஆர்என்ஏ குறைகிறதா என்று பாருங்கள். ஆனால் இடிடிஏ கால்சியத்தையும் பிணைக்கும். கால்சியம் குறைந்தால் செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரியும் என்பதால் அளவில் எச்சரிக்கை தேவை. பின்னர் துத்தநாகத்தை மட்டும் திரும்பச் சேர்த்து, அளவு மீள்கிறதா என்றும் பார்க்க வேண்டும். துத்தநாகம் மிகுந்தாலோ புறப்படை பெருகிக் குடல் உருவாவது தடைபடும். அப்படி உருத்திரிந்த கருவில் காணும் வெளிப்பாட்டை இயல்பான கருவோடு ஒப்பிட முடியாது.