கடற்பனி வேண்டாம், உறைகடல் வைக்கலாமா?

வணக்கம்.

கடல்நீர் உறைந்து உண்டாகும் பனிக்கட்டிக்கு (sea ice) உங்கள் அட்டவணைத் தலைப்பில் 'கடற்பனி' என்று போட்டிருக்கிறீர்கள்; அதைப் பற்றியும் மற்றச் சில சொற்களைப் பற்றியும் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அண்ணனிடம் படித்துக் காட்டினேன். "கடலோரம் காலையில் மூடுமே, அதுவா?" என்றார். அவர்மேல் தப்பில்லை. வேலூரில் பனி என்றால் மார்கழியில் தலைக்குத் துண்டு கட்ட வைப்பது. கெட்டியாக இருப்பதெல்லாம் ஐஸ்.

என் பரிந்துரை 'உறைகடல்'. வினைத்தொகை, உறைந்த, உறைகிற, உறையும் கடல் மூன்றும் அடங்கும். குளிர்காலத்தில் பரந்து கோடையில் சுருங்கும் பொருளுக்கு இது பொருத்தம். குல்ஃபிக்காரர் ஐஸில் கல்லுப்புப் போடுவதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும்: உப்பு சேர்ந்தால் உறைநிலை இறங்கும். கடல்நீர் உறைய ஏறத்தாழ -1.8 டிகிரி செல்சியஸ் வேண்டும். 'உறை என்றால் கவர் அல்லவா' என்று ஒருவர் கேட்டிருந்தார். பாலுக்கு உறை ஊற்றுகிற வீட்டில் இந்தச் சந்தேகம் வராது.

நிலத்தை மூடிக் கிடக்கும் பெரும் பனிக்கட்டிக்கு (ice sheet) 'பனிவிரிப்பு' என்பது எனக்கு ஒப்பவில்லை. கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் கனம் உள்ள இடங்கள் இருக்கின்றன. அதைப் போய் ஜமக்காளம் மாதிரி விரிப்பதா? மீன் மார்க்கெட்டில் கோணியைப் பிரித்துக் கட்டையால் ஒரு போடு போட்டால் ஐஸ் பாளம் பாளமாகப் பிளக்கும். அந்தப் பாளத்தை எடுத்துக்கொள்வோம். நிலத்தின்மேல் கிடப்பது நிலப்பாளம், அதிலிருந்து கடலுக்குள் நீண்டு மிதப்பது மிதவைப்பாளம். நிலமா மிதவையா என்பது பெயரிலேயே தெரியவேண்டும். மிதப்பது உருகினால் கடல்மட்டம் அவ்வளவாக ஏறாது. கிரீன்லாந்துப் பாளம் முழுதும் உருகினால் சுமார் 7 மீட்டர் ஏறும்.

அடுத்து, அட்டவணையில் உறைகடலின் அளவைக் காட்டும் இரண்டு பத்திகளுக்கும் (column) 'பரப்பு' என்றே இருப்பது ஆபத்து. 25 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டத்தில் 20 சதவீதம்தான் உறைந்திருக்கிறது என்று வையுங்கள். 15 சதவீதத்தைத் தாண்டிய கட்டத்தை முழுதாகச் சேர்க்கும் கணக்கில் முழு 625 சதுர கிலோமீட்டரும் சேரும்; உறைந்த பங்கை மட்டும் சேர்க்கும் இன்னொன்றில் 125 மட்டும். முன்னதை (extent) 'வீச்சுப் பரப்பு', பின்னதை (area) 'நிகரப் பரப்பு' எனலாம். மூட்டை எடையும் நிகர எடையும் பார்த்துப் பழகியவர்கள்தானே நாம்.

'நிரந்தர உறைபனி'யும் (permafrost) மாறவேண்டும். இரண்டு ஆண்டாவது தொடர்ந்து 0 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலம் அது; உள்ளே பனிக்கட்டி இல்லாமலும் இருக்கலாம். 'நிலையுறை மண்' போதும்.

பனியாறு (glacier) அப்படியே இருக்கட்டும். 'ஓடாததை ஆறு என்பதா' என்ற மறுப்பைப் பார்த்தேன். பாலாற்றங்கரையிலிருந்து எழுதுகிறேன் ஐயா. பனியாறாவது மெல்ல நகர்கிறது.