யூரியா குறைத்த நெல்லை யார் வாங்குவது?

தம்பலகாமத்தான்:
ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூட மதிய உணவுக்கும் வாங்கும் அரிசியில் ஒரு பங்கை, யூரியாவைப் படிப்படியாகக் குறைக்கும் நம்ம திருகோணமலை வயல்களிலிருந்தே எடுக்க வேண்டும், விலையை விதைக்க முன்னமே சொல்ல வேண்டும் என்று போன கிழமை எழுதினேன். வந்த ஏச்சைப் பார்த்துத்தான் தனி இழையாகப் போடுகிறேன்.

கந்தளாய்_வாய்க்கால்:
ஏசாமல்? 2021 மே மாதம் அரசாங்கம் ஒரே வர்த்தமானியில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியது. ஏக்கருக்கு 28 மூடை தந்த என் வயல் அந்தப் பெரும்போகம் 12 தந்தது. சேதனப் பசளை என்று கிடைத்த சாக்கை அவிழ்த்தால் பாதி மண், ஒரு ஷாம்பு பைக்கற், உடைந்த சோடாப் போத்தலின் அடி. 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன். அதைக் கூட்டெருவில் எடுக்க ஒரு தொன்னுக்கு மேல் கொட்ட வேண்டும். வரம்பால் யார் சுமப்பது?

தம்பலகாமத்தான்:
கணக்கு சரி அண்ணை. ஆனால் அந்தத் தடை விவசாய சூழலியல் இல்லை, அதாவது இயற்கையோடு ஒத்து மண்ணை வளர்க்கும் விவசாயம் இல்லை; டொலர் தட்டுப்பாட்டுக்கு அடித்த பச்சைச் சாயம். அந்த நவம்பரிலேயே அரசாங்கமே அதைக் கைவிட்டது. ஆந்திராவில் 2016இல் இயற்கை விவசாயத் திட்டத்தைத் தொடங்கியபோது யூரியாவைத் தடுக்கவில்லை. பெண்கள் குழுக்கள் ஊடாக ஊர் ஊராகப் போனார்கள், விரும்பினவர் சேர்ந்தார்கள்.

மூதூர்_கரை:
இரண்டு பேரும் உரத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறீங்க. நான் செய்வது குத்தகை வயல். அடுத்த போகம் இன்னொருத்தர் விதைக்கப்போகும் மண்ணுக்கு நான் ஏன் மாட்டெரு போடணும்? அப்புறம், உரத்தைக் கடனுக்குத் தந்த முதலாளியே களத்தில் வந்து நெல்லை அளந்து எடுக்கிறார். பசளைக்காகச் சணல் விதைத்து மடக்கி உழுத வயல் என்றால் சிரிப்பார்.

கந்தளாய்_வாய்க்கால்:
அதோடு அரசியலும் இருக்கு. 1962 முதல் உர மானியம் வருகிறது. 2005க்குப் பிறகு 50 கிலோ 350 ரூபாய்க்குத் தந்தார்களே, அந்த உரப்பை வாக்கை எந்த அமைச்சர் விடுவார்?

தம்பலகாமத்தான்:
அதனால்தான் மானியத்தில் கை வைக்காமல் கொள்வனவில் தொடங்கச் சொல்கிறேன். அரசாங்கத்துக்காக நெல் வாங்கும் நெல் சந்தைப்படுத்தும் சபை ஈரப்பதனைப் பார்க்கும், எப்படி விளைந்தது என்று கேட்காது. அதைக் கேட்கவைப்போம். குத்தகைக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை, நானா.

மூதூர்_கரை:
ஐந்து வருஷத்துக்குக் குத்தகை எழுதித் தரும் காணிக்காரர் யாராவது இந்த இழையை வாசித்தால் சொல்லுங்க. சணல் விதை நானே வாங்குகிறேன்.