புதிய ஆசிரியர் பணியிடம் கேட்டு எழுதியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். பெங்களூரில் ஒரு கலைக் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். துறையில் நான் ஒருத்திதான். வாரம் 22 மணி நேரம் வகுப்பு, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறையோ உதவிப் பேராசிரியருக்கு 16 மணி நேரம் என்கிறது. கன்னடம் படித்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. நேற்று ஒரு பெண் தன் பாட்டியின் பழைய கடிதத்தைக் கொண்டுவந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள், அவளோடு உட்கார எனக்குக் கிடைத்தது சாப்பாட்டு இடைவேளை மட்டும்.

இன்னும் இரண்டு பணியிடம் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதப் போகிறேன். கால அட்டவணை, மாணவர் எண்ணிக்கை சேர்த்தாயிற்று. அப்புறம் என்ன வைக்க வேண்டும்? சம்பளச் செலவையும் நாமே கணக்குப் போட்டுக் காட்டலாமா? இப்படி எழுதி இடம் வாங்கியவர்கள் இருந்தால் கடிதத்தின் நகலை அனுப்புங்கள், பெயர்களை மறைத்து அனுப்பினாலும் போதும். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும்.