ஒரு "ம்" போதும், கவிழ்ந்துவிடுகிறேன். வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. வயது 34. யார் எது கேட்டாலும் "சரி" என்று வாய் முந்திக்கொள்கிறது. போன வாரம் ஒரு படம் வரைந்து முடித்தேன். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அக்கா பார்த்துவிட்டு "ம்" என்றார். அவ்வளவுதான், ராத்திரியே அதைச் சுருட்டி அலமாரி மேல் போட்டுவிட்டேன். (அவர் அப்போது போனில் வேறு எதையோ படித்துக்கொண்டிருந்தார் என்பது அப்புறம்தான் உறைத்தது.)

பாராட்டினால் மிதக்கிறேன், முகம் சுளித்தால் மூழ்கிவிடுகிறேன். "யாரையும் கண்டுகொள்ளாதே" என்ற அறிவுரை நிறையக் கேட்டாயிற்று, தயவுசெய்து அது வேண்டாம்.

இதிலிருந்து மீண்டவர்கள் இருக்கிறீர்களா? முதல்முறை மறுத்தபோது என்ன வார்த்தை சொன்னீர்கள்? அதற்கப்புறம் வந்த குற்ற உணர்ச்சி எத்தனை நாள் இருந்தது? மனநல ஆலோசகரைப் பார்த்தவர்கள், முதல் சந்திப்பில் என்ன கேட்டார்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

படம் இன்னும் அலமாரி மேலேதான் இருக்கிறது.