சீன நிறுவனங்களை வாங்க ஆலோசனை சொன்ன அனுபவம்: கணக்கில் வராதவை

ஷாங்காய்க் கணக்காளர்:

சீனாவில் உணவு, நுகர்பொருள் நிறுவனங்களை வாங்க வரும் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக, வாங்குவதற்கு முன் கணக்கை ஆராய்ந்து சொல்வதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. 2011 எங்களுக்கெல்லாம் தூக்கம் இல்லாத ஆண்டு. நெஸ்லே, ஷூ ஃபூ ஜி மிட்டாய் நிறுவனத்தின் 60 சதவீதப் பங்கைச் சுமார் 170 கோடி டாலருக்கு வாங்கியது. கேஎஃப்சியின் தாய் நிறுவனமான யம் பிராண்ட்ஸ், லிட்டில் ஷீப் உணவகங்களை வாங்கச் சீன அரசின் அனுமதி பெற்றது. இவற்றைப் பார்த்துவிட்டு சாஸ், பிஸ்கட், பானம் என்று எதைத் தயாரிக்கிற முதலாளியும் தன் கம்பெனிக்கு ஒரு விலையை மனத்தில் வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில் ஹெனான் மாகாணத்தில் ஒரு சாஸ் நிறுவனத்தை ஐரோப்பியக் கம்பெனி ஒன்றுக்காகப் பார்த்தோம். கணக்கு ஒழுங்காக இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் விற்பனை எகிறியது. சீனப் புத்தாண்டுக்கு முன் எல்லோரும் வாங்குவார்கள் என்றார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் அந்த ஆண்டு மார்ச், ஏப்ரலில் விற்பனை ஏன் படுத்துவிட்டது என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஜங்ஜோவில் இருந்த பெரிய விநியோகஸ்தரின் கிடங்கைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன்.

கிடங்கின் முன் வரிசையில் இருந்த அட்டைப்பெட்டிகளில் நவம்பர் மாதத் தயாரிப்புத் தேதி அச்சாகியிருந்தது. டார்ச் விளக்கோடு பின்னால் போனேன். அக்டோபர், ஆகஸ்ட், ஜூன். கடைசி வரிசையில் அடிப்பெட்டிகள் பாரம் தாங்காமல் பிதுங்கி நின்றன. அவற்றில் போன ஆண்டுத் தேதி. விற்றுவிட்டதாகக் கணக்கில் ஏறிய சரக்கு அங்கேயே தூங்கிக்கொண்டிருந்தது.

விநியோகஸ்தர் ஐம்பது வயதுப் பெண்மணி. கோட்டின் கை அழுக்காகாமல் துணி உறை மாட்டியிருந்தார். எனக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். நூறு பெட்டி எடுத்தால் எட்டுப் பெட்டி இலவசம் என்று முதலாளி வாய்வார்த்தையாகச் சொன்னது, மாதவாரியாக, அந்த அம்மையாரின் கையெழுத்தில். அந்தக் கடன் கம்பெனியின் ஏடுகளில் ஓர் இடத்தில்கூட இல்லை. “முதலாளி கேட்டார், இறக்கிக்கொண்டேன். சொன்னால் தருவார்” என்றார் அவர். சந்தேகத்தின் சாயலே அந்தக் குரலில் இல்லை.

மற்ற விநியோகஸ்தர்களிடமும் விசாரித்துக் கழித்துப் பார்த்தபோது, சொல்லப்பட்ட லாபத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிட்டது. விலை குறைந்தது. அந்த முதலாளியைத் திருடன் என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். அடுத்த ஆண்டு விற்பனையில் எல்லாவற்றையும் தீர்த்துவிடலாம் என்று அவர் மனதார நம்பினார். இருபது ஆண்டுகள் அப்படித்தான் தீர்த்தும் வந்திருக்கிறார். ஆனால் அவர் வாக்கை நம்பித்தான் அந்தப் பெட்டிகள் அங்கே நின்றன. அவர் போன பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றப்போவது யார் என்று வாங்குபவருக்கு எடுத்துச் சொல்வது எங்கள் கடமை.

ஹாங்காங் வழக்கறிஞர்:

நீங்கள் நோட்டைச் சொன்னீர்கள். நான் முத்திரையைச் சொல்கிறேன். சீனாவில் கையெழுத்தைவிட முத்திரைக்குத்தான் மதிப்பு. வட்டமான, நடுவில் நட்சத்திரம் போட்ட கம்பெனி முத்திரை, நிதி முத்திரை, ஒப்பந்த முத்திரை, சட்டப் பிரதிநிதியின் தனி முத்திரை என்று பல. இவை யார் கையில் இருக்கின்றனவோ அவரால் கம்பெனியைக் கட்டுப்படுத்த முடியும். பங்கு மாறிய தாளை மட்டும் வைத்துக்கொண்டு வங்கியில் ஒரு காசோலைகூட மாற்ற முடியாது.

ஓர் அழகுப்பொருள் நிறுவனத்தை ஒப்படைக்கும் நாளில் நிதி முத்திரை மட்டும் வரவில்லை. நிறுவனரின் தம்பி மனைவிதான் கணக்காளர். ஒன்பது ஆண்டுகளாகச் சிறிய துண்டில் சுற்றித் தன் கைப்பையில் அதை வைத்திருந்தவர். மதியம் மூன்று மணிக்கு வந்தார். வெள்ளைத் தாளில் ஒவ்வொரு முத்திரையாக அழுத்தி, காவல் துறையில் பதிவான அச்சோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். கடைசியாகத் தன் முத்திரையை அவரே அழுத்தித் தந்துவிட்டு அழுதார். எனக்கும் பேச்சு வரவில்லை.

பிரெஞ்சு உணவு நிறுவனமான டனோனுக்கும் சீனப் பான நிறுவனமான வஹாஹாவுக்கும் இடையே நடந்த வழக்கை இளம் வழக்கறிஞர்களுக்கு நான் விடாமல் சொல்லிக்கொடுக்கிறேன். 1996இல் இருவரும் கூட்டு நிறுவனம் தொடங்கியபோது வஹாஹா என்ற வணிகப் பெயரைக் கூட்டு நிறுவனத்துக்கு மாற்றித் தருவதாக ஒப்பந்தம். வணிகச் சின்ன அலுவலகம் அதற்கு ஒப்புதல் தரவில்லை. பயன்படுத்தும் உரிமத்தோடு நின்றுவிட்டது. வஹாஹாவின் நிறுவனர் சோங் சிங்ஹோவோ அதே பெயரில் வெளியேயும் கம்பெனிகளை நடத்தினார். 2007இல் சண்டை வெடித்தபோது தொழிலாளர்களும் விநியோகஸ்தர்களும் அவர் பக்கம் நின்றார்கள். 51 சதவீதம் கையில் இருந்தும் டனோன் 2009இல் பங்கை விற்றுவிட்டு வெளியேறியது.

முன்னாள் விற்பனை மேலாளர்:

நான் ஆலோசகன் அல்லன். விற்கப்பட இருந்த ஒரு பானக் கம்பெனியில் வேலை பார்த்தவன். ஒப்பந்தம் அறிவித்ததிலிருந்து அரசின் அனுமதி வரும்வரை உள்ள மாதங்களைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும். எங்களிடம் விலகிப்போனவர் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. விநியோகஸ்தர்கள் பணம் கட்டத் தயங்கினார்கள். யாருக்குக் கட்டுவது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

ஹுய்யுவான் பழச்சாறு நிறுவனத்தின் கதையை எண்ணி எப்போதும் வருந்துவேன். 2008 செப்டம்பரில் கோக்க கோலா சுமார் 240 கோடி டாலருக்குக் கேட்டது. ஒரே நிறுவனம் சந்தையைப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் முற்றுரிமைத் தடுப்புச் சட்டம் சீனாவில் நடைமுறைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 2009 மார்ச் 18 அன்று வணிக அமைச்சகம் மறுத்துவிட்டது. அதற்குள் ஹுய்யுவான் தன் விற்பனையாளர்களைப் பெருமளவு குறைத்துவிட்டிருந்தது. பின்னாளில் கடனில் சிக்கி, 2021இல் ஹாங்காங் பங்குச் சந்தையிலிருந்தே நீக்கப்பட்டது. அனுமதி வராமல் போனால் என்ன செய்வது என்று விற்பவருக்கு எடுத்துச் சொல்ல அன்று ஆள் இருந்தார்களா என்பதுதான் என் கேள்வி. அணுகி வருபவர்களில் பெரும்பாலோர் வாங்குபவரின் ஆலோசகர்களாகவே இருக்கிறார்கள்.

ஷாங்காய்க் கணக்காளர்:

உங்கள் கேள்வி நியாயமானது. அதன் பிறகு நான் விற்பவர் பக்கம் வேலை செய்த இரண்டு தடவையும், அனுமதி வரும் நாள்வரை விற்பனைப் பிரிவில் ஒருவரையும் குறைப்பதில்லை என்று எழுதி வாங்கினேன்.

விற்கும் செய்தி கசியாமல் கிடங்குக்குள் எப்படி நுழைந்தீர்கள் என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார். முதலாளியின் சம்மதத்தோடு, அவருடைய வட்டார மேலாளரையும் கூட்டிக்கொண்டு, ஆண்டு இறுதிச் சரக்கு எண்ணிக்கைக்கு வந்த கணக்காளராகத்தான் போனேன். எண்ணியது பொய் இல்லை. பெட்டி பெட்டியாக எண்ணினேன். இரவு எட்டு மணி ஆயிற்று. அந்த அம்மையார் மறுபடியும் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார்.