ஜியோஜாங்கோ: 5 கி.மீ.க்குள் கேட்டால் சம்பந்தமில்லாதவர் பெயரெல்லாம் வருகிறது, உதவுங்கள்

நாகலூர்_பையன்:
வணக்கமுங்க. சேர்வராயன் மலையில் சின்னத் தோட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு பல்பர் (பழத்தோல் உரிக்கும் இயந்திரம்) கொட்டகை வைத்திருக்கிறார்கள். காப்பிப் பழத்தைப் பறித்த அன்றைக்கே பல்பரில் போட்டாக வேண்டும். ராத்திரி மூட்டையில் கிடந்தால் புளித்துவிடும். இன்றைக்கு யாரெல்லாம் பறிக்கிறார்கள், அவர்களில் கொட்டகையிலிருந்து 5 கி.மீ.க்குள் யார் என்று தினமும் வண்டிக்காரருக்குப் பட்டியல் போக வேண்டும். அதை ஜாங்கோவில் (பைத்தானில் வெப் செயலி எழுதும் கருவி; இடம், தூரம் பார்க்கும் அதன் பகுதிதான் ஜியோஜாங்கோ) நான் செய்கிறேன்.

மாடல் மூன்று: விவசாயி, தோட்டம், பறிப்பு. தோட்டத்தில் விவசாயிக்கு ஃபாரின்கீ (இணைப்பு), பறிப்பில் தோட்டத்துக்கு ஃபாரின்கீ. இடம் என்கிற பாயிண்ட்ஃபீல்டு தோட்டத்தில் இருக்கிறது, எஸ்ஆர்ஐடி (ஆயத்தொலை முறையின் எண்) 4326, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை. டேட்டாபேஸ் போஸ்ட்ஜிஐஎஸ். எழுதியது இப்படி (ஒலிப்புக்காகத் தமிழில் தட்டியிருக்கிறேன், நகலெடுத்து ஒட்டினால் ஓடாது):

விவசாயி.ஆப்ஜெக்ட்ஸ்.ஃபில்டர்(தோட்டம்__இடம்__டிவித்இன்=(கொட்டகை.இடம், டி(கிமீ=5))).ஃபில்டர்(தோட்டம்__பறிப்பு__தேதி=இன்று)

டிவித்இன் 'இத்தனை தூரத்துக்குள்' என்பது, டி தூர அளவு. டிகிரியில் எண் மட்டும்தான் தரலாம் என்று வேல்யூஎரர் வந்தது. சரியென்று டி-யை எடுத்துவிட்டு வெறும் 5 போட்டேன். பட்டியலில் ஆத்தூர்க்காரர் பெயரும் இருக்கிறது! ஒரே ஆள் மூன்று தடவை வருகிறார், டிஸ்டிங்ட் (ஒரே வரிசை திரும்ப வராமல் நீக்குவது) போட்டும் போகவில்லை. வாழவந்திப் பக்கம் ஒருவர் மட்டும் வரவே மாட்டேன் என்கிறார். இரண்டு நாளாகத் தலை சுற்றுகிறது.

அஸ்தம்பட்டி_அண்ணாச்சி:
தம்பி, 4326-இல் அலகு டிகிரி. வெறும் 5 என்றால் 5 டிகிரி. ஒரு டிகிரி ஏறக்குறைய 111 கி.மீ., ஆக 550 கி.மீ. ஏற்காட்டிலிருந்து அத்தனை தூரத்துக்கு வட்டம் போட்டால் சென்னையும் கன்னியாகுமரியும் உள்ளே வந்துவிடும், ஆத்தூர் எம்மாத்திரம். அவசரத்துக்கு 0.045 போட்டுக்கொள்ளலாம், ஆனால் அது ஒட்டுப்போடுகிற வேலை. ஃபீல்டில் ஜியாகிரஃபி=ட்ரூ (உருண்டைப் பூமியின் மேல் மீட்டரில் கணக்கு) என்று வைத்து மைக்ரேட் செய்துவிடு. அதற்குப் பிறகு டி(கிமீ=5) அப்படியே வேலை செய்யும், ஸ்பேஷியல் இண்டெக்ஸும் (இடத்தை வேகமாகத் தேட உதவும் அட்டவணை) பயன்படும். டிஸ்டன்ஸ்_எல்டிஇ-யும் (தூரம் இதற்குள்ளா என்று பார்க்கும் இன்னொரு வழி) விடை தரும், ஆனால் அது இண்டெக்ஸைத் தொடாது.

மேட்டூர்_காவிரி:
மீட்டரில் கணக்கிடும் 32644-க்கு (யுடிஎம் என்ற முறையில் 44-ஆம் மண்டலத்தின் எஸ்ஆர்ஐடி) மாற்றினாலும் சரிவரும். எங்கள் ஊருக்குத்தான் தகராறு: மண்டல எல்லையான 78 டிகிரி தீர்க்கரேகை நம்ம மாவட்டத்தின் நடுவே போகிறது. மேட்டூர், எடப்பாடி எல்லாம் 43-ஆம் மண்டலம். சேலம், ஏற்காடு 44. மலைக்கு மட்டும் என்றால் பிரச்சினையில்லை.

நாகலூர்_பையன்:
ஜியாகிரஃபி வைத்தேன் அண்ணா, ஆத்தூர் போய்விட்டது. நன்றி. மூன்று தடவை வருவது அப்படியேதான் இருக்கிறது. இன்னொன்று: ஒருவருக்கு எங்கள் ஊரில் ஒரு தோட்டம், குப்பனூர் இறக்கத்தில் ஒரு தோட்டம். இன்றைக்குப் பறிப்பது கீழ்த் தோட்டத்தில். அவர் பெயரும் 5 கி.மீ. பட்டியலில் நிற்கிறது.

ஐந்துரோடு_அக்கா:
உங்கள் தலைவலிக்கு வேர் இதுதான். ஒரு விவசாயிக்குப் பல தோட்டம். அப்படிப்பட்ட உறவில் ஃபில்டரை இரண்டு தடவை சங்கிலியாகப் போட்டால், ஜாங்கோ தோட்ட டேபிளை இரண்டு தடவை ஜாயின் செய்யும். "பக்கத்தில் ஏதோ ஒரு தோட்டம் இருக்கிறதா" என்பது முதல் கேள்வி. "ஏதோ ஒரு தோட்டத்தில் இன்று பறிப்பா" என்பது இரண்டாவது. இரண்டும் ஒரே தோட்டமாக இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லவே இல்லை. இரண்டு நிபந்தனையையும் ஒரே ஃபில்டர் அடைப்புக்குள் போட்டால் குப்பனூர் ஆள் போய்விடுவார்.

டிஸ்டிங்ட் ஏன் உதவவில்லை? வரிசைப்படுத்தத் தூரத்தை அன்னொடேட் செய்திருப்பீர்கள் (ஒவ்வொரு வரிசையிலும் சேர்த்திருப்பீர்கள்) என்று நினைக்கிறேன். ஒவ்வொரு தோட்டத்துக்கும் தூரம் வேறு. டேட்டாபேஸ் கண்ணுக்கு அவை தனித்தனி வரிசை.

எனக்கென்னவோ விவசாயியிடமிருந்து தொடங்கியதே கோணல். வண்டி ஆள் வீட்டுக்கா போகிறது? தோட்டத்துக்குப் போகிறது. அங்கிருந்தே கேளுங்கள்:

தோட்டம்.ஆப்ஜெக்ட்ஸ்.செலக்ட்_ரிலேட்டட்('விவசாயி').ஃபில்டர்(எக்ஸிஸ்ட்ஸ்(பறிப்பு.ஆப்ஜெக்ட்ஸ்.ஃபில்டர்(தோட்டம்=அவுட்டர்ரெஃப்('பிகே'), தேதி=இன்று)), இடம்__டிவித்இன்=(கொட்டகை.இடம், டி(கிமீ=5)))

எக்ஸிஸ்ட்ஸ் 'இருக்கிறதா' என்று மட்டும் பார்ப்பதால், ஒரே நாளில் இரண்டு பறிப்பு பதிந்திருந்தாலும் தோட்டம் ஒரு தடவைதான் வரும், டிஸ்டிங்ட்டே வேண்டாம். எக்ஸிஸ்ட்ஸை நேராக ஃபில்டருக்குள் வைக்க ஜாங்கோ 3.0 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

வாழவந்திக்காரரின் இடத்தை அச்சிட்டுப் பாருங்கள். போனிலிருந்து எடுத்து ஒட்டினீர்களா?

நாகலூர்_பையன்:
ஆமாங்க அக்கா. பாயிண்ட்(11.8, 78.2) என்று இருக்கிறது.

ஐந்துரோடு_அக்கா:
தலைகீழ். போன் வரைபடம் அட்சரேகையை முதலில் காட்டும். பாயிண்ட்டுக்குத் தீர்க்கரேகை முதலில் வேண்டும். உங்கள் வாழவந்திக்காரர் இப்போது ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்டு தீவுகள் பக்கம் காப்பி பறித்துக்கொண்டிருக்கிறார் 😄

நாகலூர்_பையன்:
அவரிடம் சொல்லிச் சிரித்தோம். மாற்றியாயிற்று. தோட்டத்திலிருந்தே கேட்டேன், மற்ற இரண்டு கோளாறும் ஒரே அடியில் சரி. புதுசாக ஒன்று: கிராம எல்லைக்குள் இருக்கும் தோட்டங்களை எடுக்க இடம்__வித்இன் எழுதியிருந்தேன், நேற்றுவரை ஓடியது, இப்போது ஜியாகிரஃபிக்கு அது கிடையாது என்கிறது.

அஸ்தம்பட்டி_அண்ணாச்சி:
கண்டெய்ன்ஸும் கிடையாது. வித்இன் இருந்த இடத்தில் கவர்டுபை போடு. எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கும் புள்ளியையும் அது உள்ளே சேர்த்துக்கொள்ளும். உனக்கு அதனால் கெடுதலில்லை.

மேட்டூர்_காவிரி:
டிவித்இன் பார்ப்பது பறவை பறக்கிற தூரம். சேலத்திலிருந்து ஏற்காடு நேர்க்கோட்டில் 15 கி.மீ. போல, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனால் அதற்கு இரண்டு மடங்கு. உங்கள் 5 கி.மீ.யில் எத்தனை பேர் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்களோ?

நாகலூர்_பையன்:
இரண்டு பேர். வண்டிக்காரர் காலையிலேயே போன் போட்டுத் திட்டிவிட்டார். சாலைத் தூரத்துக்கு பிஜிரௌட்டிங் (போஸ்ட்ஜிஐஎஸ் மேல் சாலை வழியைக் கணக்கிடும் துணைக்கருவி) பார்க்கிறேன். அதுவரை அந்த இரண்டு பேரையும் கையால் நீக்கிப் பட்டியலை அனுப்புகிறேன்.