கடற்காற்றில் அப்பாவின் இரும்பு மயில்: வளவில் எங்கே வைப்பது?

வெள்ளவத்தை_வளவு:
வணக்கம். அப்பா கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடை ஒன்றில் முப்பது வருடம் நின்றவர். வேலையை விட்ட பிறகு கழிவு இரும்பில் ஒரு மயில் செய்தார். உடம்பு பழைய மொரிஸ் மைனர் காரின் சைலன்சர். கழுத்து சைக்கிள் செயினை அடுக்கி வெல்ட் பண்ணியது. தோகை முழுக்க ஸ்பேனர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் காசளவு செம்புத் தகடு. கொண்டைக்கு மூன்று ஸ்பார்க் பிளக். போன வருடம் அப்பா போய்விட்டார். கொட்டாஞ்சேனையில் தம்பி வீட்டுக்குள் இருந்த மயில் இப்போது என்னிடம்.

எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை ரயில் பாதைக்கு இரண்டு நிமிட நடை. வந்த ஆறு மாதத்தில் கறள் ஏறிவிட்டது. கழுத்தைத் தொட்டால் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து விரலில் ஒட்டுகிறது. இத்தனைக்கும் மழை படாமல் சன்ஷேட்டின் கீழேதான் வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு ஐயா கழிவு ஒயில் பூசச் சொல்கிறார். ஹாட்வெயாரில் சாண்ட் பேப்பர் போட்டு எனாமல் அடிக்கச் சொன்னார்கள். என் வளவில் நான் மருந்தே அடிப்பதில்லை. சமையலறைக் கழிவுதான் பசளை, பீப்பாயில் பிடித்த மழைத்தண்ணீர்தான் வல்லாரைக்கும் பொன்னாங்காணிக்கும். கப்பி மீன் விட்ட சின்னத் தொட்டி ஒன்றும் உண்டு. அதன் நடுவில் ஒரு கல் வைத்து மயிலை நிறுத்த ஆசை. மண்ணும் கெடக்கூடாது, மயிலும் போய்விடக்கூடாது. வழி சொல்லுங்கள்.

கராஜ்_தம்பி:
அக்கா, கழிவு ஒயில் வேண்டவே வேண்டாம். எஞ்சினுக்குள் தேய்ந்த உலோகத்தூளோடு வருவது அது. முதல் மழைக்கே வல்லாரைப் பாத்திக்கு இறங்கிவிடும்.

சன்ஷேட்டின் கீழ் வைத்ததுதான் பிழை. இங்கே இரும்பைத் தின்பது மழையை விட உப்பு. உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், வெயில் நாளிலும் இரும்பு நனைந்தபடியே இருக்கும். வெளியே நின்றால் மழையாவது அதைக் கழுவிவிடும், மறைவில் சேர்ந்துகொண்டே போகும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். தென்மேல் காற்று அடிக்கும் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை இரண்டு முறை.

கம்பித் தூரிகையால் உதிர்கிற கறளை மட்டும் எடுங்கள். சைலன்சரில் பழைய பெயின்ட் மிச்சம் இருந்தால் காய்ந்தபடி உரசக்கூடாது, ஈயம் இருக்கலாம். நனைத்து, கீழே பொலித்தீன் விரித்துச் செய்யுங்கள். பிறகு நல்ல வெயிலில் இரும்பு சுடும் நேரம் பார்த்துத் தேன்மெழுகை உருக்கி, ஆளிவிதை எண்ணெய் கலந்து மெல்லியதாகப் பூசுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும்.

செம்பும் இரும்பும் தொடுகிற இடத்தில் உப்புத்தண்ணீர் நின்றால் அது பற்றரி மாதிரி வேலை செய்யும், தேய்வது இரும்பு. பழைய சைக்கிள் டியூப்பை வட்டமாக வெட்டி இடையில் வையுங்கள். ஆணி மாற்றினால் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள், 304 ரகம் இந்தக் காற்றுக்குக் காணாது. கால்களை மண்ணில் புதைக்காமல் கொங்கிரீட் பீடத்தில் பூட்டுங்கள்.

பாமன்கடை_ராணி:
மயிலை மீன்தொட்டிக்கு மேல் நிறுத்தாதீர்கள், பிள்ளை. செம்பில் பட்டு வழியும் தண்ணீர் மீனுக்கும் நத்தைக்கும் நஞ்சு. கறள் தண்ணீர் வேறு விஷயம், நம் செம்மண்ணின் நிறமே அதுதான், செடி ஒன்றும் சாகாது.

எனக்கு அந்தச் சைலன்சரை நினைத்துத்தான் பயம். தண்ணீர் நிற்கும் பொந்து ஒன்று போதும், முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள். 2017இல் இந்த நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது, அதில் என் மகளும் ஒருத்தி. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து வழக்குப் போடுவதற்காகச் சொல்லவில்லை. அடிப்பக்கம் இரண்டு மூன்று துவாரம் போடுங்கள். தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டால் முடிந்தது என்று நினைக்கவேண்டாம். முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் கிடக்கும், உள்ளே தேய்த்துக் கழுவவும் வேண்டும்.

வெள்ளவத்தை_வளவு:
இருவருக்கும் நன்றி. நேற்றுச் சைலன்சரைச் சரித்தபோது உள்ளிருந்து அரைக் கோப்பைத் தண்ணீர் வந்தது. மழை படாத இடத்தில் எப்படி என்று யோசித்தேன், செடிக்குத் தண்ணீர் அடிக்கும்போது நானேதான் நிரப்பியிருக்கிறேன். ராணி அக்கா, உடனே துவாரம் போட்டாயிற்று.

தொட்டி ஆசையை விட்டுவிட்டேன். கறிவேப்பிலைக்குப் பக்கத்தில், காலை வெயில் விழும் திறந்த இடத்தில் பீடம் கட்டுகிறோம். சமையலறை யன்னலிலிருந்து பார்த்தால் தோகை தெரியும்.

டியூப் வைக்க ஒவ்வொரு தகடாகக் கழற்றினேன், இருபத்தியேழு இருந்தது. ஒன்றுகூடச் சரியான வட்டம் இல்லை, தகரக் கத்தரியால் அப்பா கையாலேயே வெட்டியது. ஓரத்தில் பச்சை படர்ந்திருக்கிறது, அதைத் துடைக்க மனம் வரவில்லை. தம்பி, அந்தப் பச்சை அப்படியே இருந்தால் செம்புக்குக் கேடா? மெழுகை அதன் மேலேயே பூசலாமா?

கராஜ்_தம்பி:
கேடில்லை அக்கா. அந்தப் பச்சைதான் கீழே உள்ள செம்பைக் காக்கும். தூள் மாதிரி உதிர்ந்தால் மட்டும் யோசியுங்கள். அப்படியே மெழுகு பூசலாம்.